மலையேறும் கால்களும் முளைவிடும் மூளையும்: தெரியுமா?

பதுளை பஸ் நிலையத்தில் இறங்கி எந்தத் தோட்டத்துக்குப் புறப்பட்டாலும் கடைசியில் ஓர் ஏற்றம் காத்திருக்கும். பசறைப் பக்கம் போனாலும் ஏற்றம், ஸ்பிரிங்வெலிப் பக்கம் போனாலும் ஏற்றம். அண்ணாந்தால் 2,000 மீட்டருக்கும் மேலே நமுனுகுல மலை. லயத்திலிருந்து கடைக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஸ்டோருக்கு என்று எதற்கும் ஏறி இறங்கியே ஆக வேண்டும். முட்டி நோகுது என்று நாம் சலித்துக்கொள்ளும் இந்த நடைக்கும், தலைக்குள் புதிய கலங்கள் பிறப்பதற்கும் தொடர்பு உண்டு! எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரிய பெரிய விஞ்ஞானிகளே ‘முடியாது’ என்றார்கள், தெரியுமா?

வளர்ந்தவரின் மூளையில் ஒரு நரம்புக்கலம் செத்தால் செத்ததுதான், புதிது பிறக்காது. 1906இல் நோபல் பரிசு வாங்கிய ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹாலின் தீர்ப்பு இது. மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இதையே மனப்பாடம் செய்தார்கள். 1965இல் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன், கோபால் தாஸ் என்ற இருவர் கதிரியக்க அடையாளமிட்ட ஒரு பொருளை எலிகளுக்கு ஏற்றினார்கள். கலம் பிரிந்து புதிதாகும்போது அதன் டி.என்.ஏ.யில் போய் உட்காரும் பொருள் அது. வளர்ந்த எலியின் ஹிப்போகாம்பஸில் அந்த அடையாளத்தோடு புதுக் கலங்கள் அகப்பட்டன! உலகம் என்ன செய்தது? ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கண்டுபிடிப்பு தூங்கியது.

ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்கிறது? காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, வளைந்து கிடக்கிறது. இன்று காலை யாரிடம் கைமாற்று வாங்கினோம் என்பதைப் பதிவு செய்வது அதுதான்!

மனித மூளையின் ரகசியத்தைச் சொன்னவர்கள் ஐந்து புற்றுநோயாளிகள், தெரியுமா?

எலிக்குச் சரி, மனிதனுக்கு? உயிரோடு இருப்பவரின் மூளையை அறுத்துப் பார்க்க முடியாதே! 1998இல் பீட்டர் எரிக்சன், ஃப்ரெட் கேஜ் குழு ஒரு வழி கண்டது. கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அறிய, புற்றுநோயாளிகள் சிலருக்கு ஏற்கனவே ஓர் அடையாளப் பொருள் ஏற்றப்பட்டிருந்தது. அவர்களில் ஐவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தார்கள். நோயோடு போராடிய அந்த நாட்களிலும் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புக்கலங்கள் பிறந்திருந்தன!

அணுகுண்டு நம் மூளையில் தேதி குத்தியிருக்கிறது, தெரியுமா?

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. காற்றில் காபன்-14 எகிறியது. அது உலகமெங்கும் பரவி, செடிக்குள் போய், சாப்பாட்டுக்குள் போய், மனிதக் கலங்களுக்குள்ளும் புகுந்தது. அந்த வருஷங்களில் ஊவா மலையில் துளிர்த்த கொழுந்தும் அந்தக் காற்றைத்தான் உண்டது! 1963இல் தடை ஒப்பந்தம் வந்தபின் அளவு படிப்படியாக இறங்கியது. ஒரு கலத்தின் டி.என்.ஏ.யில் எவ்வளவு காபன்-14 இருக்கிறது என்று அளந்தால் அது எந்த வருஷம் பிறந்தது என்று சொல்லிவிடலாம்! 2013இல் ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசேன் குழு இப்படிக் கணக்குப் போட்டது. ஒவ்வொரு பக்க ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்புக்கலங்கள்!

இதில் பெரிய சண்டையே நடந்தது, தெரியுமா?

2018இல் ஒரு குழு, பிள்ளைப் பருவத்தோடு புதுக் கலங்கள் கிட்டத்தட்ட நின்றுவிடுகின்றன என்று நேச்சர் இதழில் எழுதியது. அதே வருஷம் இன்னொரு குழு, முதுமையிலும் பிறக்கின்றன என்று எழுதியது! பார்த்தது ஒரே உறுப்பு, முடிவு நேரெதிர். இறந்தபின் மூளை எத்தனை மணிநேரத்தில், எந்த முறையில் பதப்படுத்தப்பட்டது என்பதெல்லாம் முடிவை மாற்றும். 2025இல் ஃப்ரிசேன் குழு மறுபடியும் வந்தது. 78 வயது வரையிலானவர்களின் மூளைகளைப் பார்த்து, வளர்ந்தவர்களிலும் பிரிந்து பெருகும் தாய்க்கலங்கள் இருக்கின்றன என்று காட்டியது. ஆனால் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். சிலரிடம் நிறைய, சிலரிடம் அறவே காணோம்!

வெளியில் வைத்த சக்கரத்தில் தவளையும் ஏறியது, தெரியுமா?

1999இல் ஹென்றியட் வான் பிராக், கேஜ் குழு சுண்டெலிக் கூட்டுக்குள் ஓடும் சக்கரம் ஒன்றை வைத்தது. இஷ்டப்படி ஓடிய சுண்டெலிகளில், தங்கி வளர்ந்த புதுக் கலங்கள் ஓடாதவற்றைவிட இரண்டு மடங்கு! பாடம் கற்பதிலும் ஓடியவையே முந்தின.

‘கூட்டில் அடைபட்ட பிராணி, வேறென்ன செய்யும்?’ என்று கேட்கலாம். 2014இல் நெதர்லாந்தின் யோஹன்னா மெய்ஜர் திறந்த வெளியில் ஒரு சக்கரத்தை வைத்துக் கமராவையும் பூட்டினார். காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. தவளை ஏறியது. நத்தை இனத்து ஓடில்லாப் பிராணிகூட ஏறியது! யாரும் விரட்டவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. ‘இஷ்டப்படி’ என்ற இந்தச் சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஓட்டம், மூளைக்கு உரம் போடுகிறது, தெரியுமா?

பி.டி.என்.எஃப். என்று ஒரு புரதம். 1982இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கொழுந்து துளிர்க்கத் தூரில் உரம் போடுகிற மாதிரி, நரம்புக்கலம் கிளைவிடவும் பிழைக்கவும் இது வேண்டும். 1995இல் கார்ல் கொட்மன் குழு, ஓடிய எலிகளின் ஹிப்போகாம்பஸில் இந்தப் புரதத்துக்கான மரபணு கூடுதலாக வேலை செய்வதைக் கண்டது.

இதைவிட ஆச்சரியம் 2020இல் வந்தது. அமெரிக்காவின் சோல் வில்லேடா குழு, ஓடிய கிழட்டுச் சுண்டெலிகளின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை எடுத்து, ஓடாத கிழட்டுச் சுண்டெலிகளுக்கு ஏற்றியது. ஓடாதவற்றிலும் புதுக் கலங்கள் கூடின, ஞாபகம் தேறியது! ஓடியது ஒன்று, பலன் இன்னொன்றுக்கு! அந்த இரத்தத்தில் இருந்த முக்கியமான ஒரு புரதம் எங்கே சுரந்தது தெரியுமா? ஈரலில்!

லயக் கதவைச் சரியாகத் தட்டுவதும் புதுக் கலங்களின் வேலை, தெரியுமா?

ஒரே நீளக் கூரை, ஒரே அளவு காம்பரா, ஒரே மாதிரிக் கதவு. இருட்டில் வந்தாலும் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறோம். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டைக் குழப்பாமல் தனித்தனியாகப் பதிவதற்கு, ஹிப்போகாம்பஸுக்குள் புதுக் கலங்கள் பிறக்கும் அந்தச் சின்னப் பகுதி உதவுகிறது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுண்டெலிகளின் முன் இரண்டு அடையாளங்கள் பக்கம் பக்கமாகக் காட்டப்பட்டன. இடைவெளி குறையக் குறைய எது எது என்று பிரிப்பது கஷ்டம். சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகள்தான் அதிலும் கெட்டிக்காரர்கள்!

த்ரீவீலர்காரர் மூளையும் பஸ் சாரதி மூளையும் ஒன்றில்லை, தெரியுமா?

லண்டனில் டாக்சி ஓட்ட லைசன்ஸ் வேண்டுமானால் ஆயிரக்கணக்கான தெருக்களை மனதில் ஏற்றிப் பரீட்சையில் தேற வேண்டும். 2000இல் எலினோர் மக்வயர் அவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார். ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிது! 2006இல் லண்டன் பஸ் சாரதிகளோடு ஒப்பிட்டார். அதே ஊர், அதே நெரிசல், ஆனால் ஒரே பாதை. அவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை! பதுளை – பசறை பஸ்ஸை ஓட்டும் அண்ணனும், பதுளை டவுனில் ஆள் சொன்ன சந்துக்கெல்லாம் திருப்பும் த்ரீவீலர் தம்பியும் இதைப் படித்துவிட்டுச் சண்டை பிடிக்கக்கூடாது.

அம்மாயியின் மூளை ஒரு வருஷத்தில் பெரிதாகலாம், தெரியுமா?

‘நீங்க ஒக்காருங்க அம்மாயி, நான் போய் வாங்கியாறேன்’ என்று பேரன் சொல்வது பாசம்தான். ஆனால் 2011இல் கேர்க் எரிக்சனும் ஆர்தர் கிரேமரும் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். 55 முதல் 80 வயது வரையான, உட்கார்ந்தே பழகிய 120 பேர். பாதிப்பேர் வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் நடந்தார்கள். 10 நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். மற்றப் பாதிப்பேர் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 வீதம் பெருத்திருந்தது! மற்றவர்களுக்கு 1.4 வீதம் சுருங்கியிருந்தது. வயதோடு சுருங்க வேண்டியது திரும்பி வளர்ந்தது, வெறும் நடையால்!

புலமைப்பரிசில் வகுப்பில் விளையாட்டுப் பாடத்தை வெட்டுவது நட்டம், தெரியுமா?

ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை வந்துவிட்டால் பிள்ளைக்கு மைதானம் மறந்துபோகும். காலையில் பாடசாலை, பின்னேரம் டியூஷன், இரவு பழைய வினாத்தாள். அதே 9, 10 வயதுப் பிள்ளைகளை 2010இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூச்சுத் திறன் நன்றாக உள்ள பிள்ளைகளின் ஹிப்போகாம்பஸ், திறன் குறைந்த பிள்ளைகளைவிடச் சுமார் 12 வீதம் பெரிதாக இருந்தது. ஞாபகச் சோதனையிலும் அவர்களே முன்னால்! அதே பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் ஹில்மன் 2009இல் காட்டியது இன்னும் சுலபம்: 20 நிமிடம் நடந்துவிட்டு உட்கார்ந்த பிள்ளைகள், சும்மா இருந்துவிட்டு எழுதியபோதைவிட வாசித்து விளங்கும் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். மலைப்பாதையில் நடந்து பாடசாலைக்கு வரும் தோட்டப் பிள்ளை முதல் பாடத்துக்கு முன்பே இந்த மருந்தைக் குடித்துவிடுகிறது!

படித்து 4 மணிநேரம் கழித்து ஓடினால் நினைவு நிற்கும், தெரியுமா?

2016இல் நெதர்லாந்தில் 72 பேருக்கு, எந்தப் படம் எந்த இடத்தில் என்று 90 சோடிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் படித்தவுடன் 35 நிமிடம் சைக்கிள் மிதித்தது. இன்னொரு கூட்டம் 4 மணிநேரம் கழித்து மிதித்தது. மூன்றாவது கூட்டம் மிதிக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துச் சோதித்தால், 4 மணிநேரம் பொறுத்தவர்களுக்கு மட்டுமே மற்றவர்களைவிடக் கூடுதல் ஞாபகம்! காலையில் வரலாறு படித்த பையன் பின்னேரம் பந்தடிக்கப் போனால் இனிமேல் திட்டாதீர்கள்.

ஓடினால் மறக்கவும் செய்யும், தெரியுமா?

என்ன இது, குட்டையைக் குழப்புவதா? 2014இல் டொரொன்டோவின் போல் ஃபிராங்லண்ட், ஷீனா ஜொஸ்லின் குழு, சுண்டெலிகளுக்கு முதலில் ஓர் இடத்தைப் பற்றிய பயத்தைப் பழக்கி, பிறகு வாரக்கணக்கில் ஓடவிட்டது. புதுக் கலங்கள் பெருகின, பழைய பயம் மங்கியது! புதிதாக வந்தவை இணைப்புப் போடும்போது பழைய இணைப்புகள் குலைகின்றன. கைக்குழந்தைப் பருவம் நமக்கு ஏன் ஞாபகமில்லை என்பதற்கும் அவர்கள் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். அந்த வயதில் கலங்கள் பிறக்கும் வேகம் அப்படி!

துணையோடு நடந்தால் பலன் சீக்கிரம் வரும், தெரியுமா?

2006இல் பிரின்ஸ்டனில் அலெக்சிஸ் ஸ்ட்ரனஹன், எலிசபெத் கோல்ட் குழு எலிகளைச் சில நாட்கள் ஓடவிட்டது. கூட்டமாக வாழ்ந்த எலிகளுக்குப் புதுக் கலங்கள் கூடின. தனிமையில் அடைத்த எலிகளுக்கு, அதே ஓட்டத்துக்கு, அந்தப் பலன் வரத் தாமதமானது! தனிமையின் மன அழுத்த ஓமோன்கள் குறுக்கே நின்றன. நம் பக்கத்து உதாரணம் ஒன்று: ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில்தான் கதிர்காமம் இருக்கிறது. ஆடிவேல் காலத்தில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக, குமண காட்டையும் கடந்து, ஒரு மாதத்துக்கும் மேல் நடந்து வரும் பாதயாத்திரைக்காரர்கள் தனியாகவா வருகிறார்கள்? அரோகரா என்று கூட்டமாகத்தானே!

காமன் கூத்து மூளைக்கும் விழா, தெரியுமா?

2003இல் நியூயோர்க்கில் ஜோ வர்கீஸ் என்ற மருத்துவர், 75 வயதைத் தாண்டிய 469 பேரின் பொழுதுபோக்குகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து எழுதினார். நீச்சல், சைக்கிள், நடை எல்லாம் பட்டியலில் இருந்தன. உடலை அசைக்கும் காரியங்களில் மறதிநோய் குறைவோடு சேர்ந்து வந்தது ஒன்றே ஒன்று. நடனம்! ஏன்? ஆடும்போது அடுத்த அடி, தாளம், பக்கத்து ஆள் என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைக்க வேண்டும். தப்பு மேளச் சத்தத்துக்கு ரதியும் மன்மதனும் ஆட, இரவு முழுவதும் பாட்டுகளை வரிசை மாறாமல் சொல்லும் காமன் கூத்து வாத்தியார்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

நாள் முழுக்க மலையேறினாலும் அது ‘உடற்பயிற்சி’ ஆகாமல் போகலாம், தெரியுமா?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். விடியற்காலை பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. ‘இன்னைக்கு எந்த மலை?’ என்று கேட்டு நடை. இடுப்பில் படங்கு, உச்சந்தலையில் கயிறு, முதுகில் கூடை. சறுக்கும் மண்ணில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இரண்டிலை ஒரு மொட்டு. கூடை நிறைய நிறையத் தலைக்கயிறு இறுகும். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வீடு திரும்பினால் விறகு, தண்ணீர், அடுப்பு. சக்கரத்தில் ஏறிய சுண்டெலி வேண்டாமென்றால் இறங்கிவிடும். இவர்கள் இறங்க முடியுமா?

கோபன்ஹேகனில் 1970களிலிருந்து 4,721 ஆண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட, உடலை முறிக்கும் வேலை செய்தவர்களுக்கு மறதிநோய் ஆபத்து 55 வீதம் கூடுதல்! மறுபக்கம் பொலிவியக் காட்டில் சிமானே மக்கள். தங்கள் நிலத்தில், தங்கள் வேகத்தில் பயிர் செய்து, வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்கிறார்கள். வயதோடு அவர்களின் மூளை சுருங்கும் வேகம், மேற்கத்திய நாட்டாரைவிட 70 வீதம் குறைவு என்று 2021இல் எழுதினார்கள். இரண்டு பக்கமும் வியர்வைதான். ஆனால் எப்போது நிறுத்துவது, எப்போது ஓய்வெடுப்பது என்று முடிவு செய்வது யார்? ஆய்வாளர்கள் இப்போது கிண்டிப் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

இலங்கைக் கொழுந்துக்காரப் பெண்கள் உலக மருத்துவ இதழில் இடம்பிடித்தார்கள், தெரியுமா?

1979, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் குருதிச்சோகை உள்ள தொழிலாளர்கள். சிலருக்கு இரும்புச்சத்து, சிலருக்கு மருந்தில்லா வெறும் குளிசை. ஒரு மாதத்தில், இரத்தத்தில் ஈமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள்! மிகவும் குறைந்திருந்தவர்களுக்கே கூடிய பலன். அதைவிட அருமையான செய்தி: அன்றாடத்தில் தாமாக அசைந்து நடமாடுவதும் கூடியது. சோம்பல் என்று ஏசப்பட்டது, ஒட்சிசன் போதாத உடம்பு!

மூளைக்கு? 2007இல் அமெரிக்க இளம் பெண்களுக்கு இரும்புச்சத்துக் கொடுத்துப் பார்த்தபோது கவனம், ஞாபகம், கற்றல் மூன்றும் தேறின. இன்னொரு விசித்திரம்: சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுப்பது பெருமளவு குறைகிறது! ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும் என்ற சோடியை ஒரு மணிநேரம் பிரித்து வையுங்கள். கீரையில் தேசிக்காய் பிழியுங்கள், இல்லாவிட்டால் ஒரு கொய்யாப்பழம் கடியுங்கள். விற்றமின் சி இரும்பை உள்ளே இழுக்கும்.

பிறக்கும் கலங்களில் பாதிக்கு மேல் சீக்கிரமே செத்துவிடும், தெரியுமா?

எலிகளில் பார்த்தது இது. பிறந்த கலங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் அழிந்துவிடுகின்றன. அவற்றைக் காப்பாற்றுவது எது? பாடம்! கோல்டும் ட்ரேசி ஷோர்ஸும் 1999இல் கண்டார்கள்: ஹிப்போகாம்பஸ் தேவைப்படும் ஒன்றைப் புதிதாகக் கற்ற எலிகளில் கலங்கள் தங்கின. ஹிப்போகாம்பஸ் தேவைப்படாத பாடத்துக்கு அந்தச் சக்தி இல்லை. ஓட்டம் பெற்றுப் போடும், படிப்பு வளர்த்தெடுக்கும். நித்திரையைக் கெடுத்தால் எலிகளில் பிறப்பே குறைகிறது. அளவுக்கு மீறிய மதுவும் அப்படியே.

ஒரு வருஷப் படிப்பு, ஒரு மாடிப்படியைவிடக் கனம், தெரியுமா?

2016இல் கனடாவின் ஜேசன் ஸ்டெஃபனர் குழு, 19 முதல் 79 வயது வரையான 331 பேரின் மூளையை ஸ்கேனில் பார்த்து, மூளைக்கு என்ன வயது என்று கணித்தது. அன்றாடம் ஏறும் ஒவ்வொரு மாடிப்படி வரிசைக்கும் மூளை 0.58 வருஷம் இளமையாகத் தெரிந்தது. படித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 0.95 வருஷம்! இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் கணக்கு, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு வேறில்லை. 0.58ஐ இருநூறு வருஷமாக ஏறிக்கொண்டே இருக்கிறோம். பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓ.எல். முடிந்ததும் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் வீட்டில், சம்பளக் கணக்கோடு ஏ.எல். படிக்கும் இரண்டு வருஷத்தின் 0.95ஐயும் 0.95ஐயும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்!